ஹெல்மெட்டுக்கு ஒரு சீட்டு

ஆராயி உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை. டீ கொடுத்தால் நின்றபடியே குடிப்பாள். குடித்த தம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வர்றேம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பாள். "கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கே?" என்று யாராவது கேட்டால், "கீழ நிக்குதும்மா, ரெண்டு சக்கரம்" என்று பதில் மட்டும் மேலே வரும்.

அந்த இரண்டு சக்கரத்தை அவள் லேசில் சம்பாதிக்கவில்லை. கட்டட வேலைக்கென்று சின்னசேலத்திலிருந்து டெல்லிக்குக் கூட்டிவந்த புருஷன், நொய்டாப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அந்த வருஷம்தான் ஆராயி சைக்கிள் கற்றுக்கொண்டாள். வயது முப்பத்தைந்து. அவள் குடியிருந்த ஜுக்கிக் குடிசைகளுக்குப் பின்னால் இருந்த குப்பைத் திடலில், விடியற்காலையில், பத்து நாள் விழுந்து எழுந்தாள். முட்டி இரண்டும் பெயர்ந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! நடந்து வந்தால் மூன்று வீட்டு வேலைதான் ஆகும், சைக்கிளில் வந்தால் ஆறு வீடு. மூன்று வீட்டில் வயிறு கழுவலாம். ஆறு வீடு இருந்தால்தான் மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைக்க முடியும். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான், அதில் அவள் தப்புப் பண்ணியதே இல்லை.

மயூர் விஹாரில், மத்திய அரசு வேலையிலிருந்த தமிழர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட அடுக்குமாடிகள் அவை. முதல் வீடு லீலாவதி அம்மாவுடையது. காலை ஆறரைக்கு அங்கே மணியடித்தால் பகல் ஒரு மணிக்கு ஆறாவது வீட்டில் துடைப்பத்தைச் சாத்திவிடுவாள். லீலாவதி அம்மாவின் கணவர் ஜோதிலிங்கம் ஓர் அரசு நிறுவனத்தில் அதிகாரி, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவரே. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்குப் புடவை தருவார். ஆனால் எதற்கும் நோட்டீஸ் ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மாடியில் வடாம் காயவைக்க நோட்டீஸ், புறாவுக்கு அரிசி போட நோட்டீஸ். எதையும் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

2003 ஜனவரியில் ஒரு காலை. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஜோதிலிங்கம் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு மச்சினரை அழைக்கப் புறப்பட்டார். அந்த ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி. காரைப் பின்னால் எடுத்தார். பின்னால், வீடு வீடாகப் பேப்பர் போடுகிற அய்யாசாமி, ஹேண்டில் முழுக்கப் பேப்பர் கட்டோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கார் அவன் பின்சக்கரத்தில் இடித்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து, ஓரக் கல்லில் தலை மோதிய சத்தம், தேங்காய் உடைத்தாற்போல, பத்தடி பின்னால் வந்த ஆராயியின் காதில் விழுந்தது.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். போர்த்தியிருந்த சால்வையை அவிழ்த்து அவன் தலையில் இறுக்கிக் கட்டினாள். ஜோதிலிங்கம் காரிலிருந்து இறங்கி, "யாரு? யாரது? பனியில வழுக்கிட்டியாப்பா?" என்றார்.

ரத்தம் கண்ணில் வழிய அய்யாசாமி அவரை நிமிர்ந்து பார்த்தான். "ஆமா சார், வழுக்கிடுச்சு" என்றான்.

அவ்வளவுதான், கதை முடிந்தது. அதே காரில் அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஏழு தையல் போடும்வரை கூடவே நின்று, திரும்பக் கொண்டுவந்து விட்டார் ஜோதிலிங்கம். குடியிருப்பே அவரைப் புகழ்ந்தது. தெரிந்துதான் அப்படிக் கேட்டாரா, தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கேட்டாரா, அது அவருக்கே வெளிச்சம். "ஏன்டா பொய் சொன்னே?" என்று ஆராயி கேட்டதற்கு, "எழுவது வீட்டுக்குப் பேப்பர் போடறேன்க்கா. அவரு ஒரு நோட்டீஸ் ஒட்டினா அத்தனையும் போச்சு" என்றான் அய்யாசாமி.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். முதல் வீடு அவளுக்கு அவர்கள் வீடுதானே! ஆனால் அந்த 'டொக்' சத்தம் அவளை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கேட்டது. ஒரு வீட்டில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வெயிட் போட மறந்தாள். இன்னொரு வீட்டில் துடைத்த அறையையே மறுபடி துடைத்தாள். எங்கே சைக்கிளை நிறுத்தினாலும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டு காலும் நிற்காதவளுக்கு இப்போது மனசும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் சங்கக் கூட்டம். குளிர்கால வெயிலில் வேர்க்கடலையும் ஆரஞ்சுமாக எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஆராயி டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜோதிலிங்கம் எழுந்தார். "அய்யாசாமி பிழைச்சது ஆண்டவன் புண்ணியம். ஒரு ஹெல்மெட் இருந்திருந்தா ஒரு தையல்கூட வேண்டியிருக்காது. இனிமே கேட்டுக்குள்ள வர்ற சைக்கிள்காரங்க எல்லாரும் ஹெல்மெட் போட்டுத்தான் வரணும்."

சட்டத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பாலசுப்ரமணியம் கடலைத் தோலை ஊதினார். "சைக்கிளுக்கு ஹெல்மெட்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே ஜோதி."

"சட்டத்துல இல்லாட்டா என்ன சார், நம்ம கேட்ல இருக்கட்டுமே. உசிரு பெரிசா, சட்டம் பெரிசா?"

"நடந்து வர்றவன் பனியில வழுக்கினா? அவனுக்கும் ஒண்ணு மாட்டிவிடுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் கவலையோடு கேட்டாள்: "எங்க பையன் பார்க்குக்கு சைக்கிள்லதான் போறான். அவனும் போடணுமா?"

"ரெசிடென்ட்ஸ் பசங்களுக்கு அட்வைஸ் மட்டும்தான் மேடம். வெளியிலேருந்து வர்றவங்களுக்குத்தான் கம்பல்சரி."

அடேயப்பா! உள்ளே இருக்கிற தலை தேங்காய் ஓடு, வெளியிலிருந்து வருகிற தலை முட்டை ஓடு போலிருக்கிறது! ஆராயி தட்டோடு நின்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஆனாலும் அவளுக்குள் இன்னொரு குரலும் கேட்டது: ஹெல்மெட் இருந்தா அந்த சத்தம் கேட்டிருக்காதே. அந்த மனுஷர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பிப்ரவரி முதல் வாரம், வியாழக்கிழமை, கேட்டில் நோட்டீஸ் ஏறியது. சைக்கிளை வெளியே விட்டுவிட்டு வரலாம் என்றால், போன மாதம்தான் துணி தேய்ப்பவரின் சைக்கிள் அதே இடத்தில் காணாமல் போயிருந்தது. ஆராயி நடந்தே வந்தாள். முதல் நாள் ஐந்தாவது வீட்டில் தாமதம். இரண்டாம் நாள் மூன்றாவது வீட்டு டீச்சரம்மா, "இந்த வாரம் பார்ப்பேன் ஆராயி. அப்புறம் வேற ஆள்தான் பார்க்கணும். எனக்கு ஸ்கூல் பஸ் நிக்காது" என்றாள். கடைகளில் தேடினால், சைக்கிள் ஹெல்மெட் என்று பெரிய கடையில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. அவள் கொண்டையில் அது தொப்பிக்கு மேல் தொப்பி போல நின்றது. கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. லீலாவதி அம்மா ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஹெல்மெட்டை இறக்கினாள். கறுப்பு. பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் 'ஜோ' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"சார் ஸ்கூட்டர் வெச்சிருந்தப்ப போட்டது. எடுத்துக்கோ ஆராயி. உனக்கே வெச்சுக்கோ."

"சார் ஏதாச்சும் சொல்லப் போறாரும்மா."

"எடுத்துக்கோன்னு சொல்றேன்ல?" அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டின் தூசியையே துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் அர்ச்சனைக்கு நேரமாகிவிட்டது என்று கோயிலுக்குப் புறப்பட்டாள்.

ஆராயி கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். தவலையைக் கவிழ்த்தாற்போல இருந்தது. இருக்கட்டும், டீச்சரம்மா வீடு தப்பித்தது. நடந்து வந்த தாமதத்தோடு ஆறு வீட்டையும் முடித்துவிட்டு இரண்டு மணிக்கு அதைக் கையில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

அங்கே காவலாளி ராம்சரண் கையை நீட்டினான். "பர்ச்சி?"

சீட்டு! அந்தக் குடியிருப்பில் வேலைக்காரி எதைக் கொண்டுபோனாலும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பழைய புடவைக்குச் சீட்டு. மிஞ்சிய நாலு இட்லிக்குச் சீட்டு. அதுவும் ஜோதிலிங்கத்தின் நோட்டீஸ்தான். இட்லிக்கு ஒரு நாளும் மறக்காத லீலாவதி அம்மா ஹெல்மெட்டுக்கு மறந்துவிட்டாள். ஆராயிக்கும் தோன்றவில்லை. தலையில் போடுகிற சாமானுக்கும் சீட்டு வேண்டும் என்று யார் கண்டது?

"பையா, ஹெல்மெட் இல்லேன்னா உள்ள விடமாட்டே, ஹெல்மெட் இருந்தா வெளிய விடமாட்டே. நான் என்ன பண்ண, இந்தக் கேட்டுலயே குடித்தனம் போடவா?" என்று இந்தியில் வெடித்தாள்.

ராம்சரண் பாவம், அவனுக்கும் வயிறு இருக்கிறது. செயலாளருக்குப் போன் போட்டான். வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பாலசுப்ரமணியமும் வந்தார். நாலு வருஷமாக அவள் வேலை செய்கிற வீடுகளின் முகங்கள் எல்லாம் அவள் கையையே பார்த்தன. அவள் பையைத் திறந்து காட்டச் சொன்னான் ராம்சரண். காட்டினாள். டிபன் டப்பா, ஒரு சீப்பு, மகளின் பள்ளிக்கூடக் கடுதாசி.

ஜோதிலிங்கம் வந்தார். ஹெல்மெட்டை வாங்கித் திருப்பினார். வெள்ளை எழுத்தைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுதாச்சே! எங்கேருந்து எடுத்தே?"

எடுத்தே. அந்த ஒரு சொல்லில் ஆராயிக்குள் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் நெஞ்சுக்கு ஏறியது. ஆறு வீடும் கண்முன் வந்தன. முதல் வீடு போகும், போனால் போகட்டும்! திருடி என்ற பேரோடு ஆறு வீடு இருந்தால் என்ன, அறுபது வீடு இருந்தால் என்ன?

"எடுக்கல சார். அம்மா குடுத்தாங்க" என்றாள். "ஏன் குடுத்தாங்கன்னு கேளுங்க. தினமும் நீங்க காரைப் பின்னால எடுக்கறப்ப நான்தான் பின்னால வருவேன். அன்னிக்கு அய்யாசாமி வந்தான். அவன் வழுக்கல சார். நீங்க இடிச்சீங்க. பத்தடி பின்னால நின்னு என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஹெல்மெட் போடச் சொல்லுங்க, போடறேன். நல்லதுதான், போடறேன். ஆனா நீங்க ஒருவாட்டி திரும்பிப் பார்க்கக் கூடாதா?"

பாலசுப்ரமணியம்தான் மெதுவாகக் கேட்டார்: "என்ன ஜோதி?"

"அது... பனி சார்... அன்னிக்குப் பனி..." என்றார் ஜோதிலிங்கம். நல்ல மத்தியான வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். ராம்சரணின் மேஜை மேல் குனிந்து சீட்டு எழுதினார். இரண்டு தடவை அடித்து எழுதினார். 'ஹெல்மெட் ஒன்று. ஆராயிக்குக் கொடுத்தது.' கையெழுத்துப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் காலையில் முதல் வீட்டு மணியை அடிக்க ஆராயியின் விரல் தயங்கியது. கதவைத் திறந்தது லீலாவதி அம்மா. அழுத முகம். "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே ஆராயி. நடுத்தெருவுல அவரை..."

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

அம்மா கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டு உள்ளே போனாள். ஆராயி துடைப்பத்தை எடுத்தாள்.

அய்யாசாமிதான் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. "உன்னால என் எழுவது வீடும் போகப்போகுதுக்கா" என்று புலம்பினான். ஒரு வீடும் போகவில்லை. யார் கிழித்தார்கள் என்று தெரியாமல் நோட்டீஸ்தான் போயிற்று. கூட்டமும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. சைக்கிள்கள் பழையபடி வெறுந்தலையோடு உள்ளே வந்தன.

ஆராயி மட்டும் தவலையைக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். ராம்சரண் கேட்டைத் திறந்தபடி சிரித்தான். "ரூல்தான் கதம் ஆயிடுச்சே! இன்னும் எதுக்கு இந்தச் சுமை?"

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தாடைப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

"ரூல் போயிடுச்சு பையா. காரு போகலையே" என்று சொல்லிவிட்டு, மணியை விடாமல் அடித்துக்கொண்டு உள்ளே மிதித்தாள்.