ஒட்டிப்போன இரண்டு வரிகள்

பாண்டியம்மா அக்கா, இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு மாலை கட்டும் மற்ற அக்காமாருக்கும் வேண்டாம். என் அப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடவே கூடாது. எல்லாரும் தூங்கிய பிறகு, கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இடது கையால் எடுத்து, "எப்ப?" என்றார். பிறகு "சரி" என்றார். போனை வைத்துவிட்டு ரசச் சோற்றைப் பிசைந்தார். அம்மா யாரென்று கேட்டார். "அந்த லிஸ்ட்டுக்காரி. மஞ்சக்காமாலையாம், போயிட்டா." ரோஸ்லின் அக்காவின் பெயரை அப்பா வாயால் சொல்லி ஏழு மாதமாகிறது. வயிறு வலிக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

நம் பூக்கடையில் ஆர்டர் எழுதியவர் ரோஸ்லின் அக்கா; வேன் ஓட்டுபவர் என் அப்பா. லீவில் நான் உதவிக்கு வந்தபோது, அக்கா ஆர்டர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்கிற திமிரில், அதை டிரைவர்கள் போனில் பார்க்கும் பக்கமாக மாற்றித் தருகிறேன் என்றேன். வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டால் பட்டியல் ஆகிவிடும். பெயருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி வைத்தால் எழுத்து தடித்துத் தெரியும். அக்கா அதை நட்சத்திரம் என்று சொன்னதேயில்லை. "முன்ன ரெண்டு பூ, பின்ன ரெண்டு பூ. உசுரோட இருக்கையிலேயே மனுசனுக்கு மாலை போட்டாச்சு" என்று சிரிப்பார்.

வரியை உடைப்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு பெயருக்குக் கீழே அடுத்த வரி எழுதினால், அது பக்கத்தில் மேலேறி முந்தின வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் நிற்க வேண்டுமானால் வரியின் கடைசியில் இரண்டு வெற்று இடம் தட்ட வேண்டும். "கண்ணுக்கே தெரியாதத எப்படி புள்ள நம்புறது?" என்றார். ஆனால் பிறகு நம்பியது அவர்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் விரல் வைத்து, "தட்டு, தட்டு" என்று முணுமுணுப்பார். நீங்கள்கூட, "என்னடி ரோஸ்லினு, செபமா?" என்று கேலி செய்தீர்கள். "ஆமாக்கா, மறந்தா மோட்சம் கெடையாது" என்றார்.

அந்த முகூர்த்த நாளில் அக்காவுக்குக் காய்ச்சல். மேசையில் தலை சாய்த்திருந்தார். அன்றைய பட்டியலை நான் டைப் அடித்தேன். "தட்டுனியா தாயி?" என்று கேட்டார். "தட்டியாச்சுக்கா" என்றேன். தட்டவில்லை. நான் அடித்த திரையில் வரிகள் தனித்தனியாகத்தான் தெரிந்தன. வரியின் தொடக்கத்தில் பெட்டி எண், அடுத்து இடம். நாலாம் பெட்டி ஒட்டன்சத்திரத்துக் கல்யாண மண்டபத்துக்கு. ஐந்தாம் பெட்டி இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீட்டுக்கு. அப்பாவின் சின்னப் போனில் இரண்டு வரியும் ஒட்டிப்போய், "4 மண்டபம் 5" என்பது ஒரே வரியாக நின்றது. திரை போதாமல் வீட்டுப் பெயர் கீழே போய்விட்டது. நாலும் ஐந்தும் மண்டபத்துக்குத்தான் என்று படித்து, அப்பா இரண்டு பெட்டியையும் அங்கேயே இறக்கினார். பெண்ணின் அம்மா ஐந்தாம் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது மலர்வளையம்.

அந்த வளையத்தை ஒரு பிணத்தின் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். மணப்பெண் பார்த்துவிட்டாளாம். அப்பாவை மண்டப வாசலில் வைத்து அறைந்தார்கள்.

மறுநாள் முதலாளி கேட்டபோது நீங்கள் எல்லாரும் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டீர்கள். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன். அக்கா எழுந்து, "நான்தான் அந்த லிஸ்ட்ட அடிச்சேன் முதலாளி. காய்ச்சல்ல கவனிக்கல" என்றார். அப்பா அவர் காலடியில் காறித் துப்பினார். நான் டிரம்முக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

வேலை போன அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் ரோஸ்லின் அக்கா என் காதைத் திருகினார். "வாயத் தெறந்த, கொன்னுருவேன். அந்த அறை பெத்த மகளால விழுந்ததுன்னு தெரிஞ்சா உங்கப்பா தாங்க மாட்டாரு. எனக்கென்ன, இந்தக் கடை இல்லாட்டி இன்னொரு கடை."

இன்னொரு கடை கிடைக்கவில்லை. நிலக்கோட்டை வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறார். "கல்யாணத்துக்கு வளையம் அனுப்புனவதான நீ?" என்றார்களாம். கடைசியில் நூல் மில்லில் நைட் ஷிப்டுக்குப் போனார். போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். பாதி ஆளாகியிருந்தார். "இப்பவாச்சும் தட்டுறியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தூங்கிப்போனார்.

அடக்கத்துக்கு டியூஷன் என்று பொய் சொல்லி வந்தேன். எத்தனையோ வீட்டுக்கு வளையம் எழுதி அனுப்பியவருக்கு நம் கடையிலிருந்து ஒரு வளையம் வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் அழுதீர்கள். "அம்புட்டு நல்லவ. அந்த ஒரு தப்ப மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்" என்றீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அக்கா அந்தத் தப்பைப் பண்ணவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வரி முடிவில் வைத்த அந்த விரல்தான் இருக்கிறது. பேனாவால் எழுதும் இந்தத் தாளில் அது தேவையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் என் விரல் அங்கே போய் நிற்கிறது.

அக்கா, யாருக்கும் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுகிறேன். அவர் மேல் ஒட்டிக்கிடக்கிற பழி என் வரியிலிருந்து வந்தது. அதைப் பிரிக்க வேண்டியவள் நான்தான். நாளைக் காலை அப்பா வண்டி எடுப்பதற்கு முன்னால் அவரிடம் நானே

கதவு தட்டும் சத்தம். "கயலு, இன்னும் லைட்டு எரியுது. யாருக்குப் புள்ள எழுதுற?"

அப்பாதான். தாளை ஒளிக்கவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.