வெள்ளைக் கோடு போட்ட ரப்பர்

என் வீட்டுக்காரருக்குப் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை. அதிலும் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையின் முனையில், தோளில் அழுந்துகிற இடத்தில் இருக்குமே ஒரு ரப்பர் மெத்தை, அதுதான் அவருக்கு உயிர். ரப்பரின் நிறம், ஓட்டைகளின் வடிவம், திருகாணியின் தலை, இவற்றைப் பார்த்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ரப்பர்தான். என் முகத்தை ஒரு நாளாவது அப்படி உற்றுப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை.

போன வருஷம் என் நாத்தனார், அவருடைய அக்கா, ஒரு துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, இது அப்பாவோடது. சித்தப்பா செத்தப்புறம் அவரு வீட்டுப் பரண்ல கெடந்துச்சு."

மாமனார் இறந்தபோது அக்கா பள்ளிக்கூடம் போகிற பெண், இவர் கைக்குழந்தை. அந்த மனிதருடைய புகைப்படம்கூட யாரிடமும் கிடையாது. அவர் தொட்ட பொருள் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ரொம்ப நாள் ஏக்கம். அவருடையதுதான் என்றால் முறைப்படி உரிமம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக ரப்பருக்குப் போனார். குழலில் இருந்த எண் துருப்பிடித்து அழிந்திருந்தது. ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு.

"இந்தக் கோடு போட்ட ரப்பர் அப்பா போனதுக்கு அப்புறம்தான்க்கா வந்துச்சு. இது அவரோடது இல்ல."

"நல்லாப் பாத்தியாடா?"

"இதுகூடவா எனக்குத் தெரியாது?"

அக்கா துப்பாக்கியை மறுபடி போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டார். யாருடையதோ துப்பாக்கி, எதற்கு வம்பு என்று காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். அங்கே அதை அறுத்து உருக்கிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்தச் சித்தப்பாவின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக இவரிடம் சொன்னார்: "உங்கப்பா போனப்புறம் அவரு துப்பாக்கிய எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாள் வெச்சு சுட்டாருல்ல, தோள்பட்டையே வீங்கிப் போச்சு. நான்தான் ரப்பர மாத்துங்கன்னு கத்துனேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலமெல்லாம் ஊரார் துப்பாக்கிக்கு ரப்பர் மாற்றிக் கொடுத்தே சோறு தின்கிற மனுஷன். இதையும் எவனாவது மாற்றியிருப்பான் என்று தோன்ற வேண்டாமா? நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனோம். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அப்பாவோடதுன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுதுடா."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"சின்னதுல அந்தக் கட்டைக்கு எண்ணெய் போட்டுத் தொடைக்கிறது நான்தான். பரண்ல தொட்டதுமே தெரிஞ்சுது. நீ இல்லன்னுட்டே. உனக்குத் தெரியாததா, எனக்குத்தான் அப்பா ஞாபகமே மறந்து போச்சுன்னு நெனச்சுட்டேன்."