வலது கன்னத்துத் தோல்

ஸ்டுடியோக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் டச்சப். முப்பது வருஷமாக அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறார். பிடித்த படத்தை அப்படியே கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. மருவை எடுப்பார், இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவார், விடைத்த காதைத் தலையோடு ஒட்டவைப்பார். யாரும் கேட்கக்கூட வேண்டாம். "இருபது வருஷம் அட்டையில இருக்கப்போற மூஞ்சி, கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமே" என்பார். மனுஷனுக்கு அப்படியொரு தாராள மனசு.

அந்தத் தாராளத்துக்குத்தான் அரசாங்கம் ஆப்பு வைத்தது. அடையாள ஆவணங்களைப் பலப்படுத்தப் புதுச் சட்டம் வந்தது. எல்லோரும் முகம் பார்க்கும் இயந்திரத்தின் முன் போய் நிற்க வேண்டும். படமும் முகமும் ஒத்துப்போகவில்லையென்றால் அட்டை முடக்கம். படத்தை மாற்றியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. செய்தித்தாளில் இதைப் படித்த அன்றே பழைய படங்களை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஊரில் பாதி மூஞ்சி அவர் கைவண்ணம் அல்லவா. கடைக்குள் யார் நுழைந்தாலும் போலீஸோ என்று எழுந்து நின்றார்.

ஆனால் முதலில் மாட்டியது ஊரார் இல்லை, கூடப் பிறந்த தங்கச்சி.

அவளுக்கு இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை வெந்நீர் பட்ட தழும்பு. அண்ணனால் அதை நேரே பார்க்க முடியாது. ஏன் என்பது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன் அட்டைக்குப் படம் பிடித்தபோது, வலது கன்னத்துத் தோலைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து இடது கன்னத்தில் ஒட்டி, தழும்பு இருந்த சுவடே இல்லாமல் செய்துவிட்டார். அவளும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இப்போது இயந்திரம் 'வேறு நபர்' என்று கைவிரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். அங்கே மருமகனை விட்டால் ஒத்தாசைக்கு நாதி கிடையாது. அட்டை திறக்கவில்லையென்றால் இவள் விமான நிலைய வாசலைத் தாண்ட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் இருவரும் சரிபார்ப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு டோக்கன் எண் வந்தது.

"படத்தை மாத்தினது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"உங்க மேல கேஸ் வரும். அது தனி. இவங்க அட்டையைத் திறக்கணும்னா, இந்தத் தழும்பு அட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு தெரியணும். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

"நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு சார். அந்த ஆஸ்பத்திரியே இப்ப இல்ல," என்றார் அண்ணன்.

"அப்ப நேர்ல பார்த்தவங்க எழுதித் தரணும். எப்படி ஆச்சுன்னு விவரமா. பொய்னு தெரிஞ்சா அட்டை நிரந்தரமா ரத்து. எழுதினதை இவங்களும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்."

"எங்கம்மாவோட புண்ணியம் சார்," என்றாள் தங்கை. "கொதிக்கிற தண்ணியை இறக்கித் தரையில வச்சுட்டுப் போயிட்டாங்க. அப்படி என்ன தலைபோற அவசரமோ. நான் தவழ்ந்து போய் இழுத்துக்கிட்டேன். அவங்களும் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. இப்ப சொல்றதுக்கு அண்ணன்தான் இருக்காரு. அப்ப அவருக்கு ஏழு வயசு."

படிவம் அவர் முன்னால் வந்தது. அம்மா ஓடி வந்து "யாருடா தட்டினது?" என்று அலறியபோது, "பாப்பாவே இழுத்துடுச்சு" என்று சொன்னவர் அவர்தான். வீட்டுக்குள் குதித்து ஓடி, காலால் இடறிப் பாத்திரத்தைக் கவிழ்த்தவரும் அவர்தான். அதையே மறுபடி எழுதிவிடலாம். இல்லையென்று சொல்ல யார் இருக்கிறார்கள்? 'குழந்தை தானாகவே' என்று எழுதவும் எழுதினார். அதற்குமேல் கை நகரவில்லை. ஒருமுறை அவள் முகத்தில் பொய் செய்ததற்குத்தான் இங்கே வந்து நிற்கிறார்கள். இதுவும் எப்படியாவது பிடிபட்டுவிடும், வெள்ளிக்கிழமை கையை விட்டுப் போய்விடும் என்று பட்டது. எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார்: 'ஓடி விளையாடும்போது நான் இடறிக் கவிழ்த்தேன். குழந்தை இழுத்ததாக நான் சொன்னது பொய்.'

கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுத்துக்கடியில் விரலை வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சரியா இருக்காம்மா? போட்டீங்கன்னா வியாழக்கிழமை அட்டை திறந்துடும்," என்றார் அதிகாரி.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"கடைசி வரைக்கும் அம்மாவைக் குத்திக்காட்டிட்டே இருந்தேன்," என்றாள், அவரைப் பார்க்காமல். "படுக்கையில கிடந்தப்பக்கூட. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்கலையா?"

"இல்லம்மா. அம்மாவுக்கு இது தெரியாது."

"தெரியாதா?" அவள் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப தன்னாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாங்களா?"