பன்றிக் கொழுப்பில் பொரித்த விரதம்

எண்பதுகளின் நடுவில் லண்டன் செவன் கிங்ஸில் ஒரு செக் நாட்டுக் கிழவியின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். என் அகதி விண்ணப்பத்துக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வரவேண்டும். அது வரும்வரை நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே அம்மா முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்தது அவள், காய்வது நான். மீன் இல்லாமல் ஒரு நேரமும் சோறு இறங்காத மனுஷிக்கு என் வாயைக் கட்ட என்ன துணிச்சல் என்று எரிச்சல் வந்தது.

கிழவிக்கு என் மெலிவு பொறுக்கவில்லை. காய்ந்த கறுப்பு ரொட்டிப் பாணைத் துண்டு போட்டுப் பொரித்து, சூட்டோடு உள்ளிப்பூண்டைத் தேய்த்து, உப்புத் தூவித் தருவாள். டொப்பின்கா என்று பெயர். மொறுமொறுவென்றிருக்கும். பொரிக்கிற நெய் பீங்கான் சாடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. நெய் என்று நானேதான் முடிவுகட்டினேன். எங்கள் வீடுகளில் சாடியில் உறைந்து கிடப்பது வேறென்ன? எட்டு மாதம், வெள்ளிக்கிழமைகளில் திருநீறும் பூசிக்கொண்டு தின்றேன்.

கடிதம் வரவில்லை. முருகனுக்குக் காது அடைத்துவிட்டது என்று பக்கத்து அறை அண்ணையிடம் ஏசினேன்.

ஒருநாள் சாடி வெறுமையானது. கிழவி சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் அது இறைச்சிக் கடை. கடைக்காரன் பன்றிப் படம் போட்ட வெள்ளைக் கொழுப்புப் பொட்டலத்தை எடுத்து வைத்தான்.

நான் மச்சம் தின்னமாட்டேன் என்று தெரியாதா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "இது இறைச்சி இல்லை, பாண்தானே" என்றாள் கிழவி, தன் உடைந்த ஆங்கிலத்தில்.

அண்ணை சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தார். "எடேய், மீனை விட்டுப்போட்டுப் பண்டியைத் திண்டிருக்கிறாய். இனிக் கடிதம் வந்த மாதிரித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பி அனுப்பினால் சாவுதான். அன்றிரவு உண்மையாகவே பயந்தேன்.

மறுநாள் காலையில் கடிதம் வந்தது. நான் இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கிழவி கட்டிப்பிடித்து அழுதாள். அவளும் ஒரு காலத்தில் இப்படிக் காத்திருந்தவள். பிறகு சட்டியை அடுப்பில் வைத்தாள். நேர்த்திதான் முடிந்துவிட்டதே, தெரிந்துகொண்டே நாலு துண்டு தின்றேன்.

பன்றியை மட்டும் மறைத்து அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது.

"பாத்தியே, நேர்த்தி வீண்போகேல்லை. சொன்னால் சிரிப்பாய் எண்டு சொல்லேல்லை, நீ போன நாளிலையிருந்து நானும் மீன் தொடேல்லை. நாளைக்குச் சந்தைக்குப் போறன்."

கடிதத்தைப் பிடித்திருந்த விரலில் உள்ளி மணத்தது. வெட்கமாக இருந்தது. முருகன் என் வாயைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் நான் இன்று இங்கே இருந்திருக்க மாட்டேன்.