ஏழாம் பாத்திக்கு ஊற்றியது

நம் வீட்டில் இதுவரை இரண்டு ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஒன்று கொல்லையில், நாம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைப் பயிரில். இன்னொன்று உங்களில் சின்னவன் உடம்பில். இரண்டையும் கெடுத்தது ஒரே ஆள். பத்தாவது வரை படித்தவர், யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். உங்கள் அப்பா, நான்தான்.

போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக இரண்டு தொட்டியில் வெந்தயம் விதைத்து, ஒன்றுக்கு எரு போட்டு, இன்னொன்றைச் சும்மா விட்டாள். சும்மா விட்டது சோம்பிக் கிடக்கிறதே என்று சின்னவன் அதற்கும் ஒரு கை எரு அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நின்றான். அவள் அடிக்கப் போனாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பாசம் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. அவனுக்கு அடி விழுந்தால் நியாயப்படி எனக்கும் விழ வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ரெண்டு. அந்த மார்கழிப் பட்டத்தில் திண்டிவனத்திலிருந்து பயிர் ஆராய்ச்சி செய்கிற மேடம் ஒருவர் வந்தார். நம் பக்கத்து மண்ணில் மல்லாட்டை இலை வெளுத்துப் போகிறது, அதற்கு ஒரு கலவை செய்திருக்கிறோம், உங்கள் கொல்லையில் தெளித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஊரில் அத்தனை பேர் இருக்க என்னைத் தேடி வந்தார் என்றால் என் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைத்தேன். ரோட்டோரக் கொல்லை, ஜீப் நிறுத்த வசதி என்பது பிறகுதான் தெரிந்தது.

முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஒன்பது பாத்தி பிரித்தார். மூன்றுக்கு முழுக் கலவை, மூன்றுக்குப் பாதி, மூன்றுக்கு வெறும் கிணற்றுத் தண்ணி. எந்தப் பாத்திக்கு எது என்று சீட்டு குலுக்கிப் போட்டார்.

"தண்ணிய எதுக்குங்க போயி தெளிக்கணும்?" என்றேன்.

"தெளிச்சதால மாறுச்சா, மருந்தால மாறுச்சான்னு தெரியணும் இல்லீங்களா அய்யா? இந்த மூணு பாத்தியும் வெளுத்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு நான் சொல்ல முடியும்."

தலையை ஆட்டினேன். புரியாத விஷயத்துக்குத்தான் என் தலை நன்றாக ஆடும்.

தண்ணிப் பாத்தி மூன்றில் இரண்டு உள்ளே தள்ளி விழுந்தன. மூன்றாவதான ஏழாம் பாத்தி பஸ் போகிற ரோட்டை ஒட்டி விழுந்தது. ஒரு மாதத்தில் அது இலையெல்லாம் மஞ்சள் பூத்துப்போய், கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறியவனுக்கெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி நின்றது. பக்கத்துக் கொல்லைக்காரர் எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதையே அவர் ஒரு வேலையாக வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, ஏழாம் நம்பருக்குக் காமாலையா? கீழாநெல்லி அரைச்சு ஊத்திப் பாரேன்."

"அது ஆராய்ச்சிண்ணா."

"ஆராய்ச்சியா. எங்க மல்லாட்டைக்கு அவ்ளோ படிப்பு இல்லப்பா. அது பாட்டுக்குப் பச்சையா வளந்துக்கினு கீது."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கோலியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த உங்கள் அம்மா வழிச் சொந்தக்காரர், அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "பஸ்ல வரும்போது பாத்தேன் மாப்ள. கொல்லைய கவனிக்கறதில்லையா, உடம்புக்கு எதுனா முடியலையா?" என்று கேட்டார். அதற்குமேல் எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

மறுநாள் மதியம், மோட்டார் கொட்டகையில் மேடம் மூடி வைத்துவிட்டுப் போயிருந்த மீதிக் கலவையைத் தெளிப்பானில் ஊற்றினேன். ஏழாம் பாத்திக்கு மட்டும் நனைய நனைய அடித்தேன். பத்து நாளில் அது பச்சை கட்டிக்கொண்டது. பங்காளி அண்ணன் பேச்சு நின்றது. அறிவியலை நான் காப்பாற்றிவிட்டதாகவே அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அறுவடை அன்று மேடம் பாத்தி பாத்தியாகக் காய் பறித்து, காயவைத்து, எடை போட்டார். ஏழாம் பாத்தி முழுக் கலவை போட்ட பாத்திகளோடு சரிக்குச் சமமாக நின்றது. மறுபடி எடை போட்டார். தராசைக் கழுவித் துடைத்து இன்னொரு தடவை போட்டார்.

"தண்ணிதான் தெளிச்சோம். ஏழு மட்டும் ஏன் அய்யா இப்படி?"

"மண்ணு வாகுங்க," என்றேன்.

ரெண்டே வார்த்தை. அதை நம்பி அந்த அம்மா பட்ட பாடு இருக்கிறதே. நாலு மூலையிலும் குழி தோண்டி மண் எடுத்தார். முழங்கால் ஆழத்தில் எடுத்தார். இடுப்பு ஆழத்தில் எடுத்தார். முன்னாடி இங்கே ஆட்டுப்பட்டி இருந்ததா, எருக்குழி இருந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொன்னால் ஏமாந்து போவாரே என்ற நல்லெண்ணத்தில், "எங்க பாட்டன் காலத்துல இருந்திருக்கும்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த மண்ணை அவர் திண்டிவனத்தில் சலித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சின்னவனுக்கு அரையில் வீக்கம் கண்டது. அழுதால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும், தூங்கினால் அமுங்கிவிடும். குடல் இறங்குகிறது, தள்ளிப்போடக்கூடாது என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லி விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற சின்ன வயசு டாக்டர் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். பிறகு நாலு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் சம்மதம், சம்மதம் என்று இருந்தது. உங்கள் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோதுகூட இத்தனை சம்மதம் யாரும் கேட்கவில்லை.

"ஆபரேஷனுக்கு அப்புறம் கொழந்தைங்களுக்கு வலி குறையறதுக்கு ஒரு ஆராய்ச்சி பண்றோம்," என்றார் டாக்டர். "வழக்கமான வலி மருந்து எல்லாருக்கும் உண்டு. அதோட நம்பர் போட்ட ஒரு பாட்டில் குடுப்போம். அதுல புது மருந்து இருக்கலாம், வெறும் இனிப்புத் தண்ணி இருக்கலாம். எதுன்னு எனக்கே தெரியாது. கட்டாயம் இல்லீங்க. வேணாம்னாலும் ஆபரேஷன் இதே மாதிரிதான் நடக்கும்."

"யோசிச்சு சொல்லலாங்க," என்றாள் உங்கள் அம்மா.

"நமக்கு ஆராய்ச்சி என்ன புதுசா?" என்றேன்.

"கொல்லை வேற, கொழந்தை வேற."

டாக்டர் முன்னால் பெண்சாதி பேச்சைக் கேட்டால் என்ன மரியாதை? கையெழுத்துப் போட்டேன். வேறு எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது, ரொம்ப அழுதால் உடனே எனக்கு போன் பண்ணுங்கள், எந்தக் குழந்தையையும் வலியோடு விடமாட்டோம் என்று டாக்டர் ரெண்டு முறை சொன்னார். ஒரு நோட்டும் கொடுத்தார். அதில் சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சிவரை ஐந்து படம். குழந்தை எப்படி இருக்கிறானோ அந்த மூஞ்சியில் நேரம் போட்டுக் குறிக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம் சின்னவன் முனகிக்கொண்டே இருந்தான். நம்பர் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு என் நாக்கில் விட்டுப் பார்த்தேன். இனிப்பு. முடிந்தது, இது வெறுந்தண்ணி என்று தீர்மானித்துவிட்டேன். குழந்தை மருந்து எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும் என்பது என் நாக்கு என்கிற லேபுக்குத் தெரியாது. பாட்டில் மேல் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது. எனக்கு அது ஏழு என்றுதான் தெரிந்தது. என் பிள்ளை ரோட்டோரத்தில் மஞ்சளாக நிற்பதுபோல் இருந்தது.

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அதற்குத்தான் நம்பரும் கொடுத்திருந்தார். ஆனால் நம் பையன் அழுதான் என்று அவர் நோட்டில் ஏறிவிடுமே. பால் வாங்கி வருகிறேன் என்று கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். மருந்துக்கடையில், "கொழந்தைக்கு ஜுரங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கினேன். மூன்று மணிக்கு, அம்மா துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, ரெண்டு மூடி ஊற்றினேன். சின்னவன் முனகல் அடங்கித் தூங்கினான். நோட்டை எடுத்துச் சிரிக்கிற மூஞ்சியில் ஒரு கோடு போட்டேன். என்ன அழகான கோடு.

அப்புறம் மோட்டார் நிறுத்தப் போய்விட்டு வந்தேன். "கரெக்டா நாலு மணிக்கு எழுப்பி ரெண்டு மருந்தும் குடுத்துட்டேங்க. திரும்பத் தூங்கிட்டான்," என்றாள் அம்மா.

அந்த வழக்கமான மருந்தின் அட்டைப்பெட்டி ஜன்னலில் இருந்தது. என்னமோ தோன்றி, என் சட்டைப்பையில் இருந்த பெட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மேலே பேர் வேறு, நிறம் வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ரெண்டிலும் ஒரே மருந்து. ஒரு மணி நேரத்தில் ரெண்டு தடவை உள்ளே போயிருக்கிறது.

"டேய்," என்று கூப்பிட்டேன். சின்னவன் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டான். தோளைத் தொட்டு உலுக்கினேன். மறுபடியும் அந்த ஒரு கண்தான்.

"ஏங்க, இன்னா ஒரு மாதிரி நிக்கறீங்க?"

சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"ஏழாம் பாத்திக்கு ஊத்தின மாதிரியே ஊத்திட்டீங்க," என்றாள்.

அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போனை என் கையில் திணித்து, "நீங்களே சொல்லுங்க," என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "எந்த மருந்து? எவ்வளவு? எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மூடிங்க," என்றேன். அந்த நேரத்திலும் பாதி குறைத்துச் சொல்கிற வாய் அது. அம்மா மூடியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இல்லீங்க டாக்டர். ரெண்டு மூடி. மூணு மணிக்கு."

இனி எதுவும் கொடுக்காதீர்கள், குழந்தையை இப்பவே கூட்டி வாருங்கள், எல்லா பாட்டிலும் நோட்டும் கையில் இருக்கட்டும் என்றார். பங்காளி அண்ணன் மினி வேனை எடுத்தார். விழுப்புரம் போய்ச் சேரும்வரை அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். உள்ளே போனது எல்லாம் என்னென்ன என்று தெரிந்தாக வேண்டும் என்பதால், பெரிய டாக்டரைக் கேட்டு, பாட்டிலில் இருப்பது எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த முப்பத்திரண்டாம் நம்பர் கவரைப் பிரித்தார்கள். என் நாக்கு வெறுந்தண்ணி என்று தீர்ப்புச் சொன்ன பாட்டிலில் இருந்தது புது மருந்து. சின்னவன் ஏழாம் பாத்தியே இல்லை. முழுக் கலவை விழுந்த பிள்ளைக்குத்தான் நான் இரக்கப்பட்டு இன்னொரு முறை ஊற்றியிருக்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரிசல்ட் வந்தது. அதற்கு முன்னாடியே அவன் எழுந்து உட்கார்ந்து, பங்காளி அண்ணன் கையில் இருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றான். பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பிறகு நோட்டைத் திறந்தார்.

"இந்தச் சிரிச்ச மூஞ்சி யார் போட்டது?"

"நான்தாங்க. அழிச்சிடட்டுங்களா?"

"அழிக்கக்கூடாது. பக்கத்துல நடந்ததை எழுதுங்க. நீங்க போன் பண்ணலன்னா, இந்தப் புது மருந்துல கொழந்தை நல்லா சிரிக்குதுன்னு நம்பி, இன்னொரு வீட்டுக் கொழந்தைக்குக் குடுத்திருப்போம். அது அழுதிருக்கும். ஏன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

மூன்று வரி எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் எழுதியதில்லை.

அவனுக்குத் தையல் ஆறியதும் ஒரு நாள் திண்டிவனம் போனேன். மேடம் மேஜை மேல் ஏழாம் பாத்தி மண், சின்னச் சின்னப் பையில் சீட்டு ஒட்டி வரிசையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவரும் திட்டவில்லை. பேனாவை எடுத்தார். "என்னைக்கு தெளிச்சீங்க? எவ்வளவு?" படித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எழுதி முடித்துவிட்டு, "அப்ப உங்க பாட்டன் காலத்து ஆட்டுப்பட்டி?" என்றார்.

"அது இல்லீங்க மேடம்."

மண் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

இனி நம் கொல்லைப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மார்கழியில் ஜீப் வந்து நின்றது. மறுபடி ஒன்பது பாத்தி, மறுபடி சீட்டு. ஏழாம் பாத்திக்குப் பிரித்த சீட்டில் தண்ணி என்றுதான் இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். மீதிக் கலவையை இங்கேயே வைக்கட்டுமா, ஜீப்பில் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். கொட்டகைச் சாவியை அன்றைக்கே உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவ்வளவுக்கு எனக்கு என்மேல் நம்பிக்கை.

தை கடைசியில் ஏழாம் பாத்தி மஞ்சள் பூத்தது. பஸ் போனது, வந்தது. பங்காளி அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, மறுபடியும் காமாலையா?"

"ஆமாண்ணா. காமாலைதான். கீழாநெல்லி எதுவும் ஊத்திடாத."