பயந்த முயல்களும் ஒரு பூனையும்

கிறிஸ்துராஜாவுக்குப் பைத்தியம் இரண்டு: வேட்டை, படம் கீறுவது. முல்லைத்தீவில் இருந்த காலத்தில் துவக்கோடு காட்டுக்குப் போய் மரையைச் சுட்டு வருவார். கறி அடுப்பில் கொதிக்கும்போதே அந்த மரையைக் கரிக்கட்டியால் கீறிக்கொண்டிருப்பார். எண்பத்தைந்தில் லண்டன் வந்து பெற்றோல் நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு வருடமாகியும் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை.

ஒருநாள் ஸ்ட்ரெதமில், செத்த விலங்குகளை உயிருள்ளவைபோலப் பாடம் செய்யும் ஒரு கடையின் கண்ணாடிக்குள் நரி ஒன்று நிற்பதைக் கண்டார். மற்றவர் என்றால் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இவர் உள்ளே போய், பின்னங்கால் மூட்டு பிழை என்று முதலாளியிடமே சொன்னார். முதலாளி பீற்றர் குனிந்து பார்த்தார், ஒத்துக்கொண்டார், மறு கிழமையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்.

தோல் உரிப்பதும் கண் பதிப்பதும் இவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் முயலோ மானோ, இவர் செய்தால் காதை விறைத்து, காலைத் தூக்கி, ஓடப்போகிற மாதிரியே நின்றது.

"எல்லாம் உன்னைக் கண்டுவிட்டன," என்றார் பீற்றர்.

ஆறாவது மாதம் ஒரு கிழவி தன் செத்துப்போன பூனையைக் கொண்டுவந்தார். கதிரையில் படுத்துத் தூங்குவதுபோல் வேண்டுமாம். "இது சரிவந்தால் வேலை உனக்கு. இல்லையென்றால் நீ பெற்றோல் அடிக்கத்தான் போகவேண்டும்," என்றார் பீற்றர்.

பூனைத் தோலுக்குள் வைக்க, வைக்கோலைச் சுற்றி இரண்டு தரம் உடம்பு கட்டினார். இரண்டும் தூங்குவதுபோல் நடித்தன. பிய்த்து எறிந்தார். ஞாயிறு மத்தியானம் நோர்பரி வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கதையைச் சொன்னார்.

மனைவி தவமலர் கீரை ஆய்ந்தபடி கேட்டாள். "நீங்கள் செய்யிறது வேற எப்பிடி இருக்கும்? ஆர் வந்து திருப்பி அனுப்பப்போறானோ எண்டு ஆறு வருசமா வீட்டுக்குள்ள சப்பாத்தோட, கதிரை நுனியில இருக்கிறியள். நான் பாத்துப் பாத்து அலுத்துப்போனன். கழட்டுங்கோ அப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கதவடியில் வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். எப்போது கண்ணயர்ந்தார் என்று தெரியாது. விழித்தபோது தோள் ஒருபக்கம் சரிந்து, வயிறு கீழே இறங்கி, கை யாருடையதோ போலக் கிடந்தது. அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பூனையின் உடம்பை அப்படியே தொய்யவிட்டுக் கட்டினார்.

முடிந்த அன்று கிழவி வந்தார். கதிரையருகே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மிக்க நன்றி," என்றார், பூனை எழும்பிவிடுமோ என்பதுபோல் மெல்ல.

பீற்றரும் கிறிஸ்துராஜா பக்கம் திரும்பி, அதே தாழ்ந்த குரலில், "நாளைக்கு ஒன்பது மணிக்கு வா," என்றார்.