மாதம்மாவிடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

போன வாரம் மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்தேன். எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம்; தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். காலில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்றது.

பக்கத்துக் கட்டிலில் மாதம்மா. தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்தில் மஞ்சள் பயிரிடுகிறவர். கன்னடம் சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். இன்சுலினைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுத்தர வந்த நர்ஸ் சவிதாவுக்கோ தமிழ் வராது.

"மேடம், ஸ்வல்ப தமிழ்ல ஹேளி" என்று, கொஞ்சம் தமிழில் சொல்லச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஒரே பெருமை. வயிற்றில் எங்கே குத்துவது, தினமும் இடத்தை மாற்றுவது, மருந்தை வெயிலில் வைக்காதது... எல்லாம் சொன்னேன். ஒரே ஒரு வரியை விட்டுவிட்டேன். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாமலா இருப்பார்கள், இதைப் போய்ச் சொல்வானேன்?

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு மாதம்மா தன் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டார். சவிதா பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். இட்லி வந்தது. மாதம்மா தட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"சாப்பிடலீங்களா?" என்றேன்.

"நஞ்சன்கூட்டு சாமிக்கு இன்னிக்கு ஒருசந்திங்க. பொழுது சாஞ்சாத்தான் வாயில வெப்பேன்."

'நல்லது' என்று என் இட்லியைத் தின்றேன்.

பத்து மணி இருக்கும். "ஏனுங்க... கையி நடுங்குதுங்க."

திரும்பினேன். ஃபேனுக்கு அடியிலேயே அவர் ரவிக்கை நனைந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார் — யாரோ மாதிரி. அப்படியே சரிந்தார். மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. புண் காலோடு வராந்தாவுக்கு ஓடினேன்.

ஓடிவந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டரில் சர்க்கரை நாற்பத்தொன்று. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் திறக்காவிட்டால்? அவர் மகள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன் என்றா?

சிறிது நேரத்தில் கண் திறந்தார். "தண்ணி குடுங்க."

சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னீர்களா என்று சவிதா கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. மாதம்மாவைத் திருப்பிச் சொல்லவைக்காமல் விட்டது தன் தப்பு என்றார். திட்டியிருக்கலாம்.

மாதம்மாவிடமும் ஒப்புக்கொண்டேன். "விடுங்க. சாமி பொறுத்துக்கும். ஊசிதான் பொறுக்காதாட்ட இருக்குது" என்றார்.

மாலையில் சவிதா எதுவும் கற்றுத்தரவில்லை. மாதம்மாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் சொன்னதை நான் கன்னடத்தில் சொன்னேன். மாதம்மா ஒரு வரிகூடப் பிசகவில்லை. சொல்லிவிட்டோம் என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு இல்லையா?

அப்புறம் சவிதா என் பக்கம் திரும்பினார். "ஈக நீவு ஹேளி, மேடம்." இப்போது என் ஊசிமுறையை நான் சொல்ல வேண்டுமாம்.

இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.